சங்குதான் குத்திச்சு

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் வண்டி ஏறத் தொடங்கியபோதே சேவியர்ராஜுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பின்னால் இரண்டு மீன்பெட்டி, அவற்றின் மேல் ஒரு நண்டுச் சாக்கு. பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் கசிந்து கால்சட்டையின் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. ஒவ்வொரு குழியிலும் யாரோ கடப்பாரை வைத்து நெம்புவதுபோல் வலித்தது. பதினாறு வயதில் கரும்புக்கட்டு தூக்கப் போனவன். இடுப்பு அன்றைக்கே போய்விட்டது. அதை இழுத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாகத் திரிகிறான்.

கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் சர்புதீன் பாய்க்கு மீன்கடை. கடலூர் துறைமுகத்திலிருந்து விடியும்போது லோடு வந்து இறங்கும். சேவியர்ராஜின் மனைவி தெரசா அந்தக் கடையில் மீன் வெட்டுகிறாள். அவன் பெட்டி கட்டிக்கொண்டு கல்வராயன் மலை ஊர்களுக்குப் போகிறான். மலையில் மீனை நிறுத்து விற்பான். காசில்லாதவர்கள் புளியோ சாமையோ தருவார்கள். கடைசி நிறுத்தம் எப்போதும் சடையன் வீட்டு வாசல்தான். அங்கே ஒரு குவளை கஞ்சி உண்டு.

சடையன் ஒரு காலத்தில் மலையில் சாராயம் காய்ச்சியவன். ஒருமுறை உள்ளே போய்விட்டு வந்ததும் விட்டுவிட்டான். இப்போது கரும்பு வெட்டும் காலத்தில் கீழே வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் அடுப்பு எரிக்கிறான். கூலியில் பாதியை வெல்லமாகவே கொடுத்துவிடுவார்கள். அவன் மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. பார்க்கும்போதெல்லாம் சேவியர்ராஜிடம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணா, கடல் சங்கு ஒண்ணு கொண்டாந்து குடேன். பேத்திக்குப் பால் ஊத்தணும். கடையில ஸ்டீல் சங்குதான் விக்கிறான். அதுல குடுத்தா சளி புடிச்சிக்கும்னு இவ ஒத்தக்கால்ல நிக்கிறா."

இவள் என்றது அவன் மனைவி சாலம்மாளை.

அன்று நண்டுச் சாக்கைப் பிரித்துக் கொட்டியபோது, கால் கட்டிய நண்டுகளுக்கு நடுவில் அது உருண்டு விழுந்தது. ஆள்காட்டி விரல் நீளம். ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் கூம்பிப் போயிருந்தது. வெள்ளை ஓட்டின்மேல் பழுப்பு நிறத்தில் முக்கோணம் முக்கோணமாக, ஓட்டுக் கூரையை மேலேயிருந்து பார்ப்பதுபோல் அடுக்கு. சேறு ஒட்டியிருந்தும் பளபளத்தது.

"சடையா, ஒம் பேத்திக்குச் சங்கு வந்துடுச்சு பாரு."

சாலம்மாள் குனிந்து பார்த்தாள். "இதுலயா? வாயே இல்லியே. கீறல்தான் கீது. இதுல ஊத்துனா பால் எங்க போவும்?"

"அட, பக்கத்த ஒடச்சித் தேச்சா வாய் வந்துடும் சாலம்மா. உள்ள சதை கீது. நோண்டிட்டுத் தரேன்."

துண்டால் சேற்றைத் துடைத்தான். உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தான். கூம்பிய முனையிலிருந்து மெல்லிய குழல் ஒன்று வெளியே நீண்டது. நுனி சிவந்திருந்தது. அது அங்கும் இங்கும் ஆடியது.

"உசுரு கீதுடா. எட்டிப் பாக்குது பாரேன்."

குழல் அவனுடைய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்த சவ்வைத் தொட்டது. சுருக்கென்றது. கட்டெறும்பு கடித்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். சங்கைக் கீழே போட்டுவிட்டுக் கையை உதறினான். நண்டு கவ்விய தழும்பு நிறைய உள்ள கை அது. ஒரு ஊது ஊதிவிட்டுத் தராசை எடுத்தான்.

இரண்டு பேருக்கு மத்தி போட்டான். மூன்றாவது ஆளுக்குப் போடும்போது தராசுத் தட்டு இரண்டாகத் தெரிந்தது. உதடு தடித்ததுபோல் இருந்தது. தடவிப் பார்த்தான். உதடு இருந்தது, ஆனால் தொடுவது தெரியவில்லை. கையில் குத்திய இடமும் வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவனுக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

"ச... சடை..." என்றான். நாக்கு புரளவில்லை.

சடையன் சிரித்தான். "இன்னாண்ணா, பட்டப்பகல்லயே எங்கனா ஊத்திக்கினு வந்துட்டியா?"

அவன் குடிக்காதவன் என்று சடையனுக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கிண்டல். சேவியர்ராஜின் அப்பா குடித்தே செத்தவர். அந்த வாடைகூட அவனுக்கு ஆகாது. இப்போது அவன் இமைகள் தாமாக இறங்கின. தூக்கம் இல்லை. யாரோ ஷட்டரை இழுத்து விடுவதுபோல் இறங்கின. முழங்கால் மடங்கி நண்டுகளின் மேலேயே உட்கார்ந்தான். ஒரு நண்டு தொடைக்கடியில் நொறுங்கியது. அது கேட்டது. தொடைக்குத் தெரியவில்லை.

சடையனின் சிரிப்பு நின்றது. குனிந்து அவன் கையைப் பிடித்துப் பார்த்தான். தரையில் கிடந்த சங்கைப் பார்த்தான்.

"ஏய் சாலம்மா! ஒரு கவர் எடு. அந்தச் சனியனக் கையால தொடாத, குச்சியில தள்ளி உள்ள போடு."

"எதுக்கு அது?"

"பாம்பு கடிச்சா பாம்பையும் அடிச்சிக் கொண்டாரச் சொல்வாங்கல்ல. டாக்டருக்குக் காட்டணும்."

சாலம்மாளின் பழைய புடவையால் சேவியர்ராஜைப் பிள்ளையைக் கட்டுவதுபோல் தன் முதுகில் சேர்த்துக் கட்டிக்கொண்டு சடையன் தன் பைக்கைக் கிளப்பினான். கவரை ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தான்.

சேவியர்ராஜின் கன்னம் சடையனின் முதுகில் அழுந்திக் கிடந்தது. கண் ஒரு கோடுபோல் திறந்திருந்தது. மரங்கள் அந்தக் கோட்டில் ஓடின. சடையனின் வேர்வையில் வெல்லப்பாகு வாடை. சேவியர்ராஜால் எச்சிலை விழுங்க முடியவில்லை. அது வாயோரம் வழிந்து சடையனின் சட்டைக்குள் இறங்கியது. தலை தொங்கியது. நிமிர்த்த நினைத்தான். நினைப்பு கழுத்து வரை போகவில்லை. காலையில் இருந்த இடுப்பு வலியைத் தேடிப் பார்த்தான். அதுவும் இல்லை. உடம்பு முழுக்க யாருமில்லாத வீடுபோல் கிடந்தது. அவன் மட்டும் உள்ளே இருந்தான்.

"அண்ணா, மூச்சு வுடு! மூச்சு வுட்டுக்கினே இரு!" ஒவ்வொரு வளைவிலும் சடையன் கத்தினான். "இதோ அடிவாரம், டேம் வந்துடுச்சு. வுடுண்ணா!"

விட்டான். ஒவ்வொன்றையும் தானே இழுத்துத் தானே தள்ள வேண்டியிருந்தது. கரும்புக்கட்டை லாரிக்கு ஏற்றுவதுபோல் இருந்தது ஒவ்வொரு மூச்சும். ஏற்ற ஏற்ற, தூக்குகிற ஆள் உள்ளே களைத்துக்கொண்டே வந்தான்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் தெரசாவும் சர்புதீன் பாயும் நின்றிருந்தார்கள். சாலம்மாள் போன் செய்திருந்தாள். தெரசாவின் முழங்கை வரை மீன் செதில். கழுவக்கூட இல்லை. பாய் காதில் போனை வைத்து, கடலூரில் நண்டு அனுப்பிய ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரைப் போட்டார்.

"கூம்பு மாதிரி கீதா பாய்? மேல கோலம் போட்டாப்பல?" போனில் வந்த குரல் அவசரப்பட்டது. "ஐயோ, அத யாரும் கையில எடுக்க மாட்டோமே! எங்க பக்கம் ஒரு ஆளு அதுல போயிட்டான். மருந்து கெடையாது பாய். மூச்சு நின்னுடும். மிஷின் வெச்சி மூச்சு வுட வெச்சிக்கினே இருந்தா, அதுவா வெஷம் எறங்கிப் பொழைச்சிக்குவான். மிஷின் வெக்கச் சொல்லு. சீக்கிரம்!"

தெரசா உள்ளே ஓடினாள்.

சீட்டு எழுதுகிறவர் நிமிராமல் கேட்டார். "இன்னா கடிச்சிது?"

"சங்கு சார்."

"இன்னாது?"

"கடல் சங்கு சார். குத்திடுச்சு."

அவர் நிமிர்ந்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "சங்கு ஊதிக் கேட்டுக்கீறேன். சங்கு குத்துமாய்யா? அதுவும் மலைமேல?" இருவரும் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை. அந்தப் பேச்சுக்கு யாருக்கும் சிரிப்பு வரும்.

ஒரு டாக்டர் பெண் வந்து சேவியர்ராஜின் இமையைத் தூக்கி டார்ச் அடித்தாள். கையைப் பார்த்தாள். குத்திய தடமே இல்லை. "பாம்பாத்தான் இருக்கும். கட்டுவிரியன் கடிச்சா இப்படித்தான் கண்ணு சொருகும். ரத்தம் எடுத்து உறையுதான்னு பார்க்கணும். இருபது நிமிஷம் ஆகும். அந்தப் பெஞ்சுல படுக்க வைங்க."

"டாக்டரம்மா, இல்லீங்க, மூச்சு மிஷின் வெக்கணுமாம், நின்னுடுமாம்..."

"யார் சொன்னது?"

"கடலூர்ல நண்டு விக்கிறவரு."

டாக்டர் டார்ச்சை அணைத்தாள். அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

பெஞ்சில் கிடந்த சேவியர்ராஜுக்கு எல்லாம் கேட்டது. இருபது நிமிஷம் என்றதும் கேட்டது. உள்ளே தூக்குகிறவனிடம் கேட்டுப் பார்த்தான். இருபது நிமிஷம் தூக்குவியா? நெஞ்சு பாதி வரைதான் ஏறியது. பிறகு கால்வாசி. தெரசாவின் முகம் கோட்டுக்குள் வந்தது. அவனுடைய உதடு நீலமாவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். 'தெரசா' என்று கத்தினான். உள்ளேயே கத்திக்கொண்டான். உதட்டில் ஒரு நுரைக்குமிழி வந்து உடைந்தது. அவ்வளவுதான் வெளியே போனது.

நர்ஸ் ஒருத்தி பெஞ்சைக் கடந்தவள் நின்றாள். அவனைப் பார்த்தாள். சடையனைப் பார்த்தாள். "மலையில இருந்தா வர்றீங்க?"

"ஆமாங்க," என்றான் சடையன்.

அவள் குரலைத் தாழ்த்தித் தெரசாவிடம் கேட்டாள். "மறைக்காம சொல்லும்மா. சாராயம் குடிச்சாரா?"

அந்த வருஷத்து விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு ஊரில் யாருக்கும் அந்தக் கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. கண் தெரியாமல், நாக்கு குழறி, வரிசையாகத் தூக்கிக்கொண்டு வந்தவர்களைத் தெரசாவும் பார்த்திருக்கிறாள். அப்படி வந்தால் சீட்டு கிடையாது, பெஞ்சு கிடையாது. ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு நேராக உள்ளே ஓடுவார்கள். நேராக மிஷினுக்கு.

தெரசா புருஷனின் உதட்டைப் பார்த்தாள்.

"ஆமாங்க. குடிச்சாரு."

"அண்ணி!" என்றான் சடையன்.

"மலையில குடிச்சாரு," என்றாள் தெரசா, அவனைப் பார்க்காமல்.

நர்ஸ் கத்திய கத்தலில் நான்கு பேர் ஓடி வந்தார்கள். ஸ்ட்ரெச்சர் வந்தது. கூரையில் இருந்த விளக்குகள் சேவியர்ராஜின் கோட்டுக் கண்ணில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. நெஞ்சு அப்போது நின்றேபோனது. இருட்டிக்கொண்டு வரும்போது தொண்டைக்குள் குழாய் இறங்கியது. பிறகு அவன் தூக்காமலேயே மூச்சு வந்தது. யாரோ வேறு ஆள் தூக்கிப் போடுவதுபோல், உஸ்ஸென்று வந்து உஸ்ஸென்று போனது.

வெள்ளைப் படுதாவுக்கு இந்தப் பக்கம் அவன் கட்டில். அந்தப் பக்கம் கதவு. சற்று நேரத்தில் அங்கே பூட்ஸ் சத்தம் கேட்டது. சாராயக் கேஸ் என்றால் போலீசுக்குத் தகவல் தானாகப் போய்விடும்.

"நீதான் சம்சாரமா? யாருகிட்ட வாங்கிக் குடிச்சான்?"

"தெரியலீங்க சார். மலையிலன்னுதான்..."

"இவன் யாரு?"

"சடையன் சார். மீன்கார அண்ணன நான்தான் தூக்கிக்கினு வந்தேன்."

பூட்ஸ் ஒரு அடி கிட்டே வந்தது. பிறகு, "சடையனா? உன் பழைய கேஸு இருக்குல்ல? மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"இல்ல சார், சத்தியமா இல்ல. அண்ணன் குடிக்கவே மாட்டாரு. இதோ பாருங்க, இந்தச் சங்கு. இதான் குத்துச்சு. நான் எடுத்தாந்திருக்கேன். அண்ணி, நீங்க சொல்லுங்க. கடலூர்காரரு போன்ல சொன்னாருல்ல? பாய் எங்க? பாயக் கேளுங்க சார்."

பாய் போலீசைக் கண்டதும் கடையில் ஆளில்லை என்று கிளம்பிப் போயிருந்தார்.

கவர் சலசலக்கும் சத்தம் சேவியர்ராஜுக்குக் கேட்டது. சொல்லிடு தெரசா என்று நினைத்தான். அடுத்த நொடி, சொல்லாதே என்று நினைத்தான். ஏனென்றால் கதவுக்கு வெளியே இன்னொரு சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. லாரியில் அடிபட்டு வந்த ஒருவனுக்குப் பையை அமுக்கி மூச்சு கொடுத்துக்கொண்டு, மிஷின் ஏதாவது காலியாகுமா என்று அவன் ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாராயம் இல்லை, சங்கு என்றால், இந்தக் குழாயைப் பிடுங்கி அவனுக்குப் போட்டுவிட மாட்டார்களா? அப்படிச் செய்வார்களா, மாட்டார்களா என்பது சேவியர்ராஜுக்குத் தெரியாது. தெரசாவுக்கும் தெரியாது. கேட்டுப் பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

"குடு சடையா," என்றாள் தெரசா. அவன் கையிலிருந்து கவரை வாங்கினாள். தன் கூடைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இன்னாம்மா அது?"

"ஒண்ணுமில்ல சார். கடை மீனு."

சடையன் ஏதாவது பேச வேண்டும், கத்த வேண்டும், தெரசாவைத் திட்ட வேண்டும் என்று படுதாவுக்கு இந்தப் பக்கம் காத்திருந்தான் சேவியர்ராஜ். பூட்ஸ் சத்தமும் செருப்புச் சத்தமும் சேர்ந்து தூரமாகப் போயின. உஸ்ஸென்று மூச்சு வந்தது.

மறுநாள் சாயங்காலம் கால் கட்டைவிரல் அசைந்தது. அதற்கடுத்த நாள் கை. குழாயை எடுத்தபோது தொண்டை ரணமாக இருந்தது. வெளியே வந்த முதல் வார்த்தை "சடையன்".

"பேசாதீங்க," என்று தெரசா அவன் வாயைப் பொத்தினாள். கையில் மீன் அழுகும் நாற்றம். கட்டிலுக்கடியில் இருந்த கூடைப் பையிலிருந்து வருவது அது. சங்குக்குள் செத்துக் கிடந்த பூச்சி அழுகிக்கொண்டிருந்தது. மீன்காரி பை என்று யாரும் அதைக் கேட்கவில்லை.

டாக்டர் பெண் ரிப்போர்ட்டோடு வந்தாள். "ரத்தத்துல சாராயமே வரலம்மா. நிஜமா இவர் என்னதான் சாப்பிட்டாரு?"

சொல்லியிருக்கலாம். குழாய் எடுத்தாகிவிட்டது. மிஷின் காலியாகிவிட்டது. ஆனால் அதற்குள் தெரசாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, எழுதிய தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதில் சடையன் பெயர் இருந்தது. பேச்சை மாத்தினா பொய்ப் புகார்னு உன் மேலயே கேஸு திரும்பும் என்று எழுதினவர் சொல்லி அனுப்பியிருந்தார். சடையன் வீட்டில் அரைமூட்டை வெல்லம் எடுத்தார்கள். பேத்தியைப் பெற்றவளுக்குப் பிரசவ மருந்து கிண்ட வைத்திருந்ததும் கூலிக்கு வந்ததும் சேர்ந்து அவ்வளவு. சாராய ஊறலுக்கு வெல்லம்தான் போடுவார்கள். மலையில் வெல்லம் இருந்தால் அது எதற்கென்று யாரும் கேட்பதில்லை.

"மலையில ஏதோ குடிச்சாருங்க," என்றாள் தெரசா மறுபடியும்.

டாக்டர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். பிறகு அதையே எழுதிக்கொண்டு போனாள்.

சேவியர்ராஜ் வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, காலை வியாபாரம் முடிகிற நேரத்தில், சாலம்மாள் மார்க்கெட்டுக்கு வந்தாள். உறவுக்காரன் ஒருவன் சேவியர்ராஜின் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். மீன்பெட்டி இரண்டையும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்துக் கட்டியிருந்தார்கள். தராசு துடைத்திருந்தது.

சேவியர்ராஜ் கடை ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். இடுப்பு வலி திரும்பி வந்திருந்தது. சாலம்மாளைப் பார்த்ததும் எழுந்திருக்க நினைத்தான். எழுந்திருக்க முடிந்தது. அதுவே அவமானமாக இருந்தது.

"ஒடம்பு தேவலையாண்ணா?" என்றாள்.

"ம்."

"ஜாமீன் குடுக்கல. பழைய கேஸு கீதில்ல, அதான் கஷ்டமாம். நீங்களும் அண்ணியும் வந்து ஒரு வார்த்தை சொன்னா வுட்டுடுவாங்கன்னு வக்கீல் சொல்றாரு."

பாய் ஐஸை உடைக்கத் தொடங்கினார். உடைத்த ஐஸையே மறுபடி உடைத்தார்.

தெரசா கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். பலகைக்கடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். கடலூருக்குச் சொல்லி வரவழைத்த பால் சங்கு. வெள்ளையாக, வாய் அகலமாக, தேய்த்து வழவழவென்று இருந்தது. "பேத்திக்கு. சடையன் கேட்டுக்கினு இருந்தாருல்ல."

சாலம்மாள் அதை வாங்கவில்லை. தெரசா வெட்டுப் பலகையின் ஓரத்தில் வைத்த அதைச் சற்றுநேரம் பார்த்தாள்.

"இது இல்ல அண்ணி," என்றாள். "நீங்க வாங்கிப் பையில போட்டீங்களே, அது."

தெரசா பொட்டலக் காகிதத்தைக் கசக்கினாள்.

"நாளைக்கு வர்றோம் சாலம்மா," என்றான் சேவியர்ராஜ்.

"நாளைக்கா?"

"நாளைக்கு."

அவள் தலையாட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். பால் சங்கு பலகைமேலேயே கிடந்தது. தண்ணீர் பட்டு ஒரு மீன் செதில் அதில் ஒட்டிக்கொண்டது.

அந்த நாளை வந்து போனது. அதற்கடுத்ததும் போனது. இரண்டு முறை ஸ்டேஷன் இருக்கும் தெருமுனை வரை போனார்கள். பூட்ஸ் சத்தம் கேட்டதும் தெரசாவின் கால் நின்றுவிட்டது. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கின்றன. அவள் உள்ளே போனால் அதுகளுக்கு யார் என்று கேட்டாள். சடையனின் பேத்திக்கு யார் என்று சேவியர்ராஜ் திருப்பிக் கேட்கவில்லை.

வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் ஒரு பாட்டில் இருக்கிறது. அதில் உப்புக்குள் அந்தச் சங்கு. சதை காய்ந்து உதிர்ந்துவிட்டது. கோலம் மட்டும் அப்படியே பளபளக்கிறது. செத்துப்போன ஓடு அது, குத்தாது என்று சேவியர்ராஜுக்குத் தெரியும். இருந்தும் பாட்டிலைத் தொடும்போதெல்லாம் கட்டைவிரல் சவ்வு மரத்துப்போகிறது. தூங்கப் போகும்போது ஒருமுறை மூச்சை இழுத்து விட்டுப் பார்த்துக்கொள்கிறான். வருகிறது. சடையனின் முதுகில் கிடந்தபோது வந்த அதே மூச்சுதான்.

என் வூட்டுக்காரரு குடிக்கல, சடையன் விக்கல, சங்குதான் குத்திச்சு. ஸ்டேஷனில் போய்த் தெரசாவும் அவனும் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சடையனுக்கு அவர்கள் பட்ட கடன் அது. இன்னும் கொடுக்கவில்லை.